தோட்ட வடிவமைப்பு: புத்தகத்தில் படிப்பதை நம்ம ஊர் மண்ணில் சரிபார்ப்பது எப்படி

தோட்டம் வடிவமைப்பதை வகுப்புக்குப் போகாமல் படித்தே கற்றுக்கொள்ளலாம், ஆனால் தயவுசெய்து செடிப் பட்டியலில் ஆரம்பிக்காதீர்கள். இடத்தைப் பிரிப்பது, நடைபாதை, நிழல் இவைதான் முதலில், அப்புறம் மண்ணும் தண்ணீரும், செடி கடைசியில். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம், கடலூரில் மாவட்ட மைய நூலகம், புத்தகம் தேட அங்கிருந்து தொடங்கலாம்.

இந்தத் துறையில் கிடைக்கும் புத்தகங்கள் பலவும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. வடக்குச் சுவர் என்றால் நிழல், அங்கே பெரணி வையுங்கள் என்பார்கள். அவர்களுக்கு அது சரி, நண்பகல் சூரியன் அங்கே எப்போதும் தெற்கேதான் நிற்கும். நாம் இருப்பதோ கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும், அதனால் கத்திரி வெயிலில் அந்த வடக்குச் சுவரோரப் பெரணிதான் முதலில் கருகும். இதை எந்தப் புத்தகத்தையும் நம்பி விடாமல் நீங்களே பாருங்கள்: மே மாதம் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள், காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு வீட்டு நிழல் விழும் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதை கிராஃப் தாளில் 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வரைந்து வையுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு தாள் பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

படித்ததை அன்றைக்கே போய்ப் பார்ப்பதும் முக்கியம். பாதை, மையம் பற்றிய அத்தியாயம் முடிந்ததா, புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போய் அதன் நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தை நோக்கி வரும் பாதையில் நின்று பாருங்கள், கண் எங்கே இழுக்கப்படுகிறது என்று புரியும். அதே ஊரில் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் வளர்ந்த மரங்களின் கிளை விரிவை அடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், நர்சரியில் முழங்கால் உயரக் கன்றைப் பார்த்து யாருக்கும் அந்த அகலம் தெரியாது. 2011-இல் இங்கே அடித்த 'தானே' புயலைப் பார்த்தவர்களுக்கு, வீட்டை ஒட்டி மரம் வைக்கக்கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடலோரம் என்றால் உப்புக்காற்று தாங்கும் பூவரசு, புன்னை, அரளி. புத்தகத்தில் 'வசந்தத்தில் நடுங்கள்' என்று வரும் இடத்தில் புரட்டாசி என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். ஒரு அடிக் குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால் களிமண். மேடு கட்டித்தான் நட வேண்டும்.