காணிக்கு ஒரு சின்ன ட்ராக்டர்: வாங்குவதும் ஓட்டுவதும்

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு அவிசாவளைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கிழட்டு ரப்பர், வேலியோரம் மஹோகனி. மழைக்காலத்தில் இரண்டு வாரம் போகாவிட்டால் புல் இடுப்பளவு நிற்கும். எங்களுடைய இரண்டரை ஏக்கரும் அப்படித்தான். கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பான பிறகு சின்ன ட்ராக்டர் ஒன்று வாங்கினோம். எனக்கு முன்பின் அனுபவம் கிடையாது. உங்களுக்கும் இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் காணியை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவோடு காணிக்குப் போங்கள். கேட்டின் அகலம் என்ன? சின்ன ட்ராக்டரே நாலு, நாலரை அடி அகலம் இருக்கும். பின்னால் மாட்டும் ஸ்லாஷர், அதாவது புல் வெட்டும் கருவி, அதைவிட அகலமாகவும் இருக்கலாம். ஓடையைத் தாண்ட வேண்டுமா, சரிவு எந்தப் பக்கம், மழையில் எந்த மூலை சேறாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காணி ஒரு ஏக்கருக்கும், அதாவது 160 பேர்ச்சஸுக்கும், குறைவென்றால் வாங்கவே வேண்டாம். தோளில் மாட்டும் புல் வெட்டும் மெசினும், வருடத்தில் இரண்டு நாள் வாடகை ட்ராக்டரும் போதும்.

கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் போதாதா என்று என் மாமா கேட்டார். வயலுக்கும் பாரப் பெட்டி இழுக்கவும் போதும். மரக்குற்றியைத் தூக்க அதனால் முடியாது.

எதை வாங்குவது

எல்லோரும் குதிரை வலுவைத்தான் கேட்கிறார்கள். 20 முதல் 30 வரை இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். அதைவிட முக்கியம் எடை. எஞ்சினில் பலம் இருந்தும் வண்டி லேசாக இருந்தால் ஈர மண்ணில் சக்கரம் சும்மா சுற்றும். நான்கு சக்கரமும் இழுப்பதாக வாங்குங்கள். டயரில் ஆழமான பட்டை வேண்டும். புல்தரை டயர் பார்க்க அழகுதான், நம் சேற்றில் ஒரு மணி நேரத்தில் வழவழத்துப் போகும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய குபோட்டா, யன்மார், இசெக்கி வண்டிகள் நல்லவைதான். ஆனால் மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், கிளட்ச் பெடலைப் பாருங்கள். மீட்டர் 600 மணி என்று சொல்ல, பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தால் எது உண்மை என்று உங்களுக்கே தெரியும். ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு பாட்ஸ் கடைகளில் ஃபில்டர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க அவருக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, அதாவது ரோல் பார், இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ரோல் பார் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட்டைப் போட்டே ஓட்டுங்கள்.

முதல் நாள்

சமதரையில், பின்னால் ஒன்றும் மாட்டாமல் பழகுங்கள். பிரேக் பெடல் இரண்டு இருக்கும், இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட்ட பிறகே வண்டியை எடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பும்.

இந்த வண்டிகளில் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்குத்தான். முன்னால் பக்கெட்டோடு பாரம் தூக்கும் லோடரில் எடை தொங்கினால் பின்பக்கம் லேசாகி, பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கும். அதனால் லோடர் வேலைக்குப் பின்னால் ஸ்லாஷரையோ எடைக்கட்டியையோ மாட்டுங்கள். சரிவில் நான்கு சக்கர இழுவையை விலக்காதீர்கள். பக்கெட் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. ஓரடிக் குறுக்களவில் பத்தடி நீளப் பச்சைத் தென்னங்குற்றி சுமார் 200 கிலோ வரும். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள் என்று எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

குற்றி இழுத்தல்

இதில்தான் நான் வசமாக மாட்டினேன். விழுந்த ரப்பர் மரம் ஒன்றை இழுக்க, கைக்கு எட்டிய இடமென்று சீட்டுக்குப் பின்னால், கருவிகளைப் பிடிக்கும் மேல் கம்பியைப் பொருத்தும் கொக்கியில் சங்கிலியைப் போட்டேன். குற்றி ஒரு வேரில் சிக்கியது. கிளட்சை விட்டேன். முன் சக்கரங்கள் மெல்ல, சத்தமே இல்லாமல், தரையைவிட்டு எழும்பின. காணி பார்க்கும் பெரியவர் “ஐயா, கிளட்ச் கிளட்ச்!” என்று கத்தியிருக்காவிட்டால் மல்லாந்திருப்பேன். மிதித்ததும் தொப்பென்று இறங்கியது. “சங்கிலிய கீழ போடுங்க ஐயா,” என்றார், அவ்வளவுதான்.

காரணம் எளிது. பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால், குற்றி நகராதபோது எஞ்சின் வண்டியையே அச்சைச் சுற்றிப் பின்பக்கமாகப் புரட்டும். முழுதாகக் கவிழ இரண்டு வினாடிகூட ஆகாது. ஆகவே சங்கிலி எப்போதும் பின்னால் அடியில் இருக்கும் இழுவைக் கம்பியான ட்ராபாரில்தான். முதல் கியரில், சங்கிலி இறுகும் வரை ஊர்ந்து போய், பிறகே மெதுவாக இழுங்கள். குற்றியின் முனை மண்ணில் குத்தினால் நிறுத்தி, அலவாங்கால் நெம்பிவிட்டுத் தொடருங்கள். சங்கிலி அறுந்தால் எகிறும், யாரும் அருகில் நிற்கக் கூடாது.

பலா மரமென்றால் வெட்டுமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், உங்கள் காணியிலேயே நின்றாலும்.

புல் வெட்டுதல்

எஞ்சின் வலுவைப் பின்னால் கொண்டுவந்து ஸ்லாஷரைச் சுழற்றும் பீ.டி.ஓ. தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது. ஜப்பான் வண்டிகளில் இதற்கே இரண்டு மூன்று வேகங்கள் இருக்கும், மிகக் குறைந்ததில் தொடங்குங்கள். தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். சாரம் உடுத்துக்கொண்டு யாரும் கிட்ட வரவே கூடாது. சாரத்தின் நுனி தண்டில் பட்டால் கையை நீட்டி நிறுத்த நேரம் இருக்காது. எங்கள் பெரியவருக்கு நானே காற்சட்டை வாங்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போடுகிறார்.

வெட்டுமுன் ஒருதரம் நடந்து கல், கம்பி, குறும்பட்டி, தென்னோலை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கியர் தாழ்வாக, எஞ்சின் வேகம் நிறைவாக இருக்கட்டும். ஏதாவது சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு, ரேடியேட்டர் வலையில் ஒட்டிய புல்விதையைத் தட்டிவிடுங்கள். கிரீஸ் அடிப்பதை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். அன்றைக்கு நிச்சயம் மழை பெய்யும்.