உயிரணு, வளர்ச்சி உயிரியல் ஆய்விதழ் ஒன்றை எடைபோடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

புவன விஸ்தா பெருவிரைவு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள காப்பிக்கடை ஒன்றில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் என் அக்கா மகள் சென்ற விடுமுறையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "மாமா, இது நல்ல ஜர்னலா? இம்பேக்ட் ஃபேக்டர் அஞ்சுக்கு மேல இருக்கு" என்று கேட்டாள். வேலைப்பயிற்சி பெறும் ஆய்வகத்தில் அவள் ஓர் ஆய்விதழை எடுத்துக்கொண்டு, அதன் கவனம் எதில் இருக்கிறது, ஆய்வுலகில் அதன் தாக்கம் எவ்வளவு என்று பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது தாக்கக் காரணி, ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண். அவள் அந்த எண்ணிலிருந்து தொடங்கியிருந்தாள். ஆய்வக நுட்பராகப் பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் ஒருமுறை மூக்குடைபட்டும் இருக்கிறேன். அன்று அவளுக்குச் சொன்ன வரிசையை இங்கே எழுதுகிறேன். இந்த வரிசையில் எண்ணின் முறை மூன்றாம் படியில்தான் வருகிறது.

முதல் படி: பெயரையும் பிறப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்

இத்துறை இதழ்களின் பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். ‘டெவலப்மென்ட்’, ‘டெவலப்மென்டல் பயாலஜி’, ‘டெவலப்மென்டல் செல்’, ‘டெவலப்மென்டல் டைனமிக்ஸ்’ ஆகிய நான்கும் வெவ்வேறு இதழ்கள். ஆகவே முழுப் பெயரோடு ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் எட்டு இலக்க அடையாள எண்ணையும் தாளில் எழுதுங்கள். போலி இதழ்கள் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டு வரும்போது இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு இதழ் எந்த ஆண்டில், யாரால், எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பாருங்கள். இன்று ‘ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி’ என்று அறியப்படும் இதழ் 1955-இல் ‘ஜர்னல் ஆஃப் பயோபிசிக்கல் அண்ட் பயோகெமிக்கல் சைட்டாலஜி’ என்ற நீண்ட பெயரோடு தொடங்கியது. மின்னணு நுண்ணோக்கி உயிரணுவின் உட்புறத்தைப் புதிதாகத் திறந்து காட்டிய காலம் அது. 1962-இல் தற்போதைய பெயர் வந்தது. ‘டெவலப்மென்ட்’ இதழ் 1953-இல் கருவியலுக்கான இதழாகத் தொடங்கி, 1987-இல் பெயர் மாறியது. அதை வெளியிடுவது ‘கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ்’ என்ற, இலாப நோக்கமற்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை. ‘ஃபிரான்டியர்ஸ் இன் செல் அண்ட் டெவலப்மென்டல் பயாலஜி’ 2013-இல் தொடங்கிய, இணையத்தில் மட்டும் வெளிவரும், எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்கு முன் அவற்றின் வயதும் பின்புலமும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கவனம் எதில் என்று கட்டுரைகளைக் கொண்டே கண்டறியுங்கள்

ஒவ்வோர் இதழின் தளத்திலும் ‘நோக்கமும் எல்லையும்’ என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கும். அதை முதலில் படியுங்கள். ஆனால் அதை முழுக்க நம்பிவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் எல்லா உறவினர் பெயரும் இருப்பதைப்போல, அந்தப் பக்கத்திலும் துறையின் எல்லாப் பிரிவுகளும் இடம்பெற்றிருக்கும்.

இங்கே சற்று நின்று இரண்டு துறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிரணு உயிரியல், ஓர் உயிரணுவுக்குள் பொருள்கள் எப்படி இடம் மாறுகின்றன, சவ்வு எப்படி வளைகிறது, உயிரணு எப்படிப் பிரிகிறது, எப்படி மடிகிறது என்று கேட்கிறது. வளர்ச்சி உயிரியல், கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து தலையும் வாலும் உறுப்புகளும் உள்ள ஓர் உயிர் எப்படி உருவாகிறது என்று கேட்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மிகவும் சுவையானது. எடுத்துக்காட்டாக, முதுகெலும்புள்ள விலங்கின் கருவில் தட்டையான உயிரணுப் படலம் ஒன்று சுருண்டு நரம்புக்குழலாக மூடிக்கொள்கிறது. அப்போது படலத்திலுள்ள உயிரணுக்களின் மேல்முனையில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சுருக்குப்பையின் கயிற்றைப்போல இழுபட, உயிரணுக்கள் ஆப்பு வடிவம் பெற்று, படலம் முழுவதும் வளைகிறது. இழுக்கும் புரதம் உயிரணு உயிரியலுக்கு உரியது. உருவாகும் குழல் வளர்ச்சி உயிரியலுக்கு உரியது. இரண்டு பெயர்களையும் ஒன்றாகச் சூட்டிக்கொண்ட இதழ்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி, இதழின் அண்மைய இருபது கட்டுரைகளை எடுத்து நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போடுங்கள்: எந்த உயிரினம், என்ன கேள்வி, எந்த முறை, எவ்வகைச் சான்று. சுருக்கத்தை மட்டும் படித்தாலே பெரும்பாலும் நிரப்பிவிடலாம். என் அக்கா மகள் ரசீது ஒன்றின் பின்புறத்தில் கோடு கிழித்து இதைத் தொடங்கினாள். இடம் போதாமல் இரண்டாவது ரசீதுக்குப் போனாள். அவள் எடுத்திருந்த இதழின் நோக்கப் பக்கம் தாவரம் முதல் மனிதன் வரை எல்லாவற்றையும் வரவேற்றது; அட்டவணையிலோ பாதிக்கு மேல் எலியும் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணு வரிசைகளும் இருந்தன, வரிக்குதிரை மீன் இரண்டு இடங்களில் வந்தது, தாவரம் ஒன்றுகூட இல்லை. "அப்போ அவங்க சொல்றது ஒண்ணு, போடுறது ஒண்ணா?" என்றாள். அந்தக் கேள்வியையே பேச்சின் நடுப்பகுதியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நான் மூக்குடைபட்டதும் இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான். மீனின் துடுப்பு வெட்டுண்ட பின் மீண்டும் வளர்வதைப் படம்பிடித்து விவரித்த எங்கள் கட்டுரைக்கு, எண்ணை மட்டும் பார்த்து நான் ஓர் இதழைப் பரிந்துரைத்தேன். நான்கே நாளில் திரும்பி வந்தது. விவரணை மட்டும் போதாது, அதன் பின்னாலுள்ள இயக்கமுறையைச் சோதனையால் காட்ட வேண்டும் என்பது அந்த இதழின் கொள்கை. ‘எவ்வகைச் சான்று’ என்ற நான்காம் பத்தியை நான் நிரப்பியிருந்தால் அது முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாம் படி: தாக்கக் காரணியைக் கையால் ஒருமுறை கணக்கிடுங்கள்

தாக்கக் காரணி என்ற எண்ணின் மூலக்கருத்தை 1955-இல் முன்வைத்தவர் அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்ட். நூலகங்கள் எந்த இதழ்களை வாங்கலாம் என்று முடிவு செய்ய உதவும் கருவியாகத்தான் அது பரவலாயிற்று. இப்போது கிளாரிவேட் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதிய எண்களை வெளியிடுகிறது.

கணக்கு எளிது. ஒரு கற்பனை இதழை எடுத்துக்கொள்வோம். அது 2022-இல் 120 கட்டுரைகளும் 2023-இல் 130 கட்டுரைகளும் வெளியிட்டது; கூட்டினால் 250. அந்த 250 கட்டுரைகளை 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த பிற கட்டுரைகள் 1,000 முறை மேற்கோள் காட்டின. 1,000-ஐ 250-ஆல் வகுத்தால் 4.0, இதுதான் 2024-க்கான தாக்கக் காரணி.

இதே கணக்கில் மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். முதலாவது, வகுக்கும் எண்ணில் ஆய்வுக் கட்டுரைகளும், முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் மீளாய்வுக் கட்டுரைகளும் மட்டுமே சேரும். வகுபடும் எண்ணிலோ தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் கிடைத்த மேற்கோள்களும் சேர்ந்துவிடும். நம் கற்பனை இதழின் தலையங்கங்கள் 50 மேற்கோள்கள் பெற்றிருந்தால், 1,050-ஐ 250-ஆல் வகுக்க, காரணி 4.2 ஆகிவிடும். இரண்டாவது, 1,000 மேற்கோள்களில் 300 ஒரே கட்டுரைக்கு உரியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீக்கினால் மீதி 249 கட்டுரைகளுக்குச் சராசரி 2.8 மட்டுமே. இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். படிகவியல் இதழான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’வின் அ பிரிவில் 2008-இல் வெளிவந்த ஒரே ஒரு கட்டுரையால், இரண்டை ஒட்டியிருந்த அதன் காரணி அடுத்த ஆண்டில் ஐம்பதை நெருங்கியது. மூன்றாவது, மீளாய்வுக் கட்டுரைகள் பொதுவாக அதிக மேற்கோள் பெறுபவை. அவற்றை நிறைய வெளியிடும் இதழின் எண் தானாகவே ஏறும். உங்கள் இருபது கட்டுரை அட்டவணையில் மீளாய்வுகள் எத்தனை என்று எண்ணினால் இது உடனே தெரியும்.

முன்பு இந்த எண்ணை மூன்று தசம இடங்கள் வரை அச்சிட்டார்கள். 2023 வெளியீட்டிலிருந்து ஒரே ஓர் இடம்தான். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களுக்காகச் சண்டையிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கிளாரிவேட் அட்டவணையை முழுமையாகப் பார்க்கக் கட்டணம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் தங்கள் நூலகக் கணக்கின் வழியே தேடிப் பார்க்கலாம். மற்றவர்கள் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சைட்ஸ்கோர் என்ற, இதைப் போன்ற மேற்கோள் எண்ணைப் பயன்படுத்தலாம். அது இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாக நான்கு ஆண்டுகளைக் கணக்கில் கொள்வது. ஆகவே ஓர் இதழின் சைட்ஸ்கோரையும் இன்னோர் இதழின் தாக்கக் காரணியையும் ஒப்பிடவே கூடாது.

நான்காம் படி: எண்ணைத் துறையோடும் காலத்தோடும் சேர்த்துப் படியுங்கள்

கிளாரிவேட் அட்டவணையில் உயிரணு உயிரியல் ஒரு பிரிவு, வளர்ச்சி உயிரியல் வேறொரு பிரிவு. முன்னதில் இதழ்கள் பல மடங்கு அதிகம். புற்றுநோய், நோயெதிர்ப்பு ஆகிய பெருந்துறைகளின் ஆய்வாளர்கள் உயிரணு உயிரியல் கட்டுரைகளை விரைந்து மேற்கோள் காட்டுவார்கள். வளர்ச்சி உயிரியலின் வேகம் வேறு. வரிக்குதிரை மீன் ஒரு தலைமுறை வளர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். மரபணு மாற்றிய மீன் பரம்பரை ஒன்றை உருவாக்கி, அதன் குஞ்சுகளின் குஞ்சுகளை ஆராய்ந்து, கட்டுரை எழுதி முடிப்பதற்குள் இரண்டு ஆண்டுக் கணக்குக்காலம் கடந்துவிடும். ஆகவே இரு பிரிவுகளிலும் பதிவான இதழ் ஒன்று ஒரு பிரிவில் முதல் காற்பகுதியிலும் மற்றதில் இரண்டாம் காற்பகுதியிலும் நிற்கக்கூடும் (ஒரு பிரிவின் இதழ்களைக் காரணியின் வரிசையில் அடுக்கி நான்காகப் பிரித்தால் கிடைப்பது காற்பகுதி). எந்தப் பிரிவில் எந்தக் காற்பகுதி என்று இரண்டையும் எழுதுங்கள்.

காலத்துக்கு நான் எப்போதும் காட்டும் சான்று தவளையைப் பற்றியது. ஜான் குர்டன், தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட முட்டைக்குள் வைத்து வளர்த்த ஆய்வை 1962-இல் வெளியிட்டது, ‘டெவலப்மென்ட்’ இதழ் பழைய பெயரோடு வந்துகொண்டிருந்த காலத்தில், அதே இதழில்தான். அதற்கான நோபெல் பரிசு 2012-இல், ஷின்யா யமானாகாவோடு பகிர்ந்து, அவருக்குக் கிடைத்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள்.

சிங்கப்பூருக்கு நெருக்கமான சான்றும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவை ஆய்வுக்களமாக்கிய சிட்னி பிரென்னர், 1985-இல் இங்கே மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் உருவாகத் துணை நின்றவர். அக்கழகம் இன்று பயோபோலிஸ் வளாகத்தில் இயங்குகிறது. அந்தப் புழுவின் உயிரணு ஒவ்வொன்றும் எதிலிருந்து பிரிந்து வந்தது என்ற முழு வம்சாவளியை ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் ஹார்விட்ஸும் மற்றவர்களும் 1977-இலும் 1983-இலும் வெளியிட்டது ‘டெவலப்மென்டல் பயாலஜி’யில். பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபெல் பெற்றார்கள். துறைக்குள் மட்டுமே புழங்கும் இதழ் அது. ஆனாலும் அந்த வம்சாவளி வரைபடத்தைப் புழு ஆய்வாளர்கள் இன்றும் விரித்துவைத்து வேலை செய்கிறார்கள். இதை அளக்க, மேற்கோள் அரையாயுள் என்ற அளவையும் பாருங்கள்: ஓராண்டில் இதழ் பெற்ற மேற்கோள்களில் பாதி எவ்வளவு பழைய கட்டுரைகளுக்குப் போகிறது என்பதை அது சொல்லும்.

தாக்கக் காரணியை வைத்து ஆள்களை எடைபோடக் கூடாது என்ற குரல் உரத்து எழுந்ததும் இத்துறையிலிருந்துதான். 2012 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க உயிரணு உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் வகுத்த ‘டோரா’ பிரகடனம் 2013-இல் வெளியானது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் நிதிக்கும் இதழின் எண்ணைப் பார்க்காமல், கட்டுரையையே பார்க்கக் கோருகிறது அது.

ஐந்தாம் படி: மதிப்பீட்டு முறையையும் கட்டணத்தையும் பாருங்கள்

இது சிறிய வேலை. ஆசிரியர் குழுவில் மூன்று பெயர்களை எடுத்து, அவர்கள் உண்மையில் இத்துறையில் ஆய்வு செய்பவர்கள்தாமா என்று அவர்களுடைய பல்கலைக்கழகத் தளங்களில் சரிபாருங்கள். கட்டுரை ஏற்கப்பட்டபின் ஆய்வாளர் கட்ட வேண்டிய தொகையைக் குறியுங்கள். வெளியிடுமுன் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களான மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் கட்டுரையோடு வெளியிடப்பட்டால் ஒன்றையாவது படியுங்கள். பாடநூலில் கிடைக்காத பாடம் அதில் இருக்கும்.

காரணி நன்றாக இருக்கும் இதழிலும் மதிப்பீடு சறுக்கலாம். 2024 பிப்ரவரியில் ‘ஃபிரான்டியர்ஸ் இன் செல் அண்ட் டெவலப்மென்டல் பயாலஜி’யில் வெளிவந்த ஒரு மீளாய்வுக் கட்டுரையில், செயற்கை நுண்ணறிவு வரைந்த எலிப் படமொன்று உடற்கூற்றுக்கே பொருந்தாத உறுப்புகளோடும் பொருளற்ற எழுத்துகளோடும் இடம்பெற்றிருந்தது, சில நாள்களில் கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. மதிப்பீட்டாளர் ஒருவர் படங்களைப் பற்றி முன்பே ஐயம் எழுப்பியிருந்தார். அதே இதழில் நான் நம்பிப் பயன்படுத்தும் கட்டுரைகளும் உண்டு. ஆகவே மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரைகளை இதழ் எவ்வளவு விரைவாக, எவ்வளவு வெளிப்படையாக அறிவிக்கிறது என்பதற்கும் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

தாளை எழுதி முடிக்கும்போது

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்: பெயர், அடையாள எண், தொடங்கிய ஆண்டு, பதிப்பாளர், நோக்கப் பக்கம் சொல்வது ஒரு வரி, அட்டவணை காட்டுவது இரண்டு வரி, தாக்கக் காரணி, அதன் ஆண்டு, இரு பிரிவுகளிலும் காற்பகுதி, மேற்கோள் அரையாயுள், கட்டணம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதை எடுத்த தேதியை எழுதுங்கள். அடுத்த ஜூனில் எண் மாறிவிடும். என் அக்கா மகள் தாளில் காரணியைக் கடைசி வரியில்தான் எழுதினாள். பேச்சு முடிந்ததும் மேற்பார்வையாளர் கேட்ட ஒரே கேள்வி, தாவரக் கட்டுரை ஏன் ஒன்றுகூட இல்லை என்பதுதானாம்.