மரச்சீனியும் பெரும்பயறும் சேர்த்து வீட்டில் வீகன் பர்கர் செய்யும் முறை

காய்கறி பர்கரை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்ட கட்லெட் திருப்பும்போது உடைந்துபோகிறது. அதில் தப்பினாலும், பன்னுக்குள் வைத்துக் கடிக்கும்போது களியாகி நாலா பக்கமும் பிதுங்குகிறது. முட்டை சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் முட்டையின் புரதம் சூட்டில் இறுகிக் கலவையைப் பிடித்துக்கொள்ளும். பால், தயிர், நெய், பாலாடைக்கட்டி, முட்டை, தேன் ஆகிய எதுவும் சேராத வீகன் சமையலில் அந்த வேலையை மாவுச்சத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காக ஆளிவிதைத் தூளையும் ஓட்ஸையும் தேடி அலைய வேண்டிய தேவை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மரச்சீனிக்கிழங்கே (மரவள்ளிக்கிழங்கு) அதைச் செவ்வனே செய்து முடிக்கும்.

இந்தக் கிழங்கு நம் உணவில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலத்துடன்) இணையும்வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் ராமவர்மா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசியின் வரவு நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியதும் இதுவே. ஆனால் கிழங்கில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து; புரதம் நூற்றுக்கு ஒன்று ஒன்றரைப் பங்கு தேறுவதே அரிது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இந்தச் செய்முறையில் பெரும்பயறு சேர்கிறது. பிற மாவட்டங்களில் தட்டைப்பயறு, காராமணி என்று அறியப்படும் இந்தப் பயறு, உலர்ந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம் கொண்டது. எனவே கிழங்கைக் கூட்டிப் பயறைக் குறைக்கும் எண்ணம் எழுந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

எட்டு பர்கர்களுக்கு வேண்டியவை: தோல் நீக்கிய மரச்சீனிக்கிழங்கு 250 கிராம், பெரும்பயறு 120 கிராம், கேரட்டும் பீன்ஸும் சேர்த்து 200 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், அவல் 40 கிராம், இஞ்சி ஒரு விரற்கடை, பூண்டு ஐந்து பல், காந்தாரி மிளகாய் நான்கு அல்லது பச்சை மிளகாய் இரண்டு, நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, கிராம்பு இரண்டு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் தேவையான அளவு. கிராம்பை இரண்டுக்கு மேல் போடக் கூடாது. நம் மலைத்தோட்டத்துக் கிராம்பு காரமும் மணமும் மிக்கது, மூன்றாவது கிராம்பு மற்ற எல்லாச் சுவையையும் அமுக்கிவிடும்.

பயறை முந்தைய இரவே ஊறவைத்துவிட வேண்டும். காலையில் உப்பிட்டுக் குக்கரில் வேகவைத்து, விரல்களுக்கு இடையே அழுத்தினால் நசுங்கும், ஆனால் தோல் பிரிந்து கூழாகாத பதத்தில் இறக்க வேண்டும்; நன்றாக ஊறிய பயறுக்கு இரண்டு விசில் போதும். பிறகு அதை வடிதட்டில் கொட்டி அரை மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். வடிந்த நீர் ரசத்துக்கு ஆகும், வீணாக்க வேண்டாம். பெரும்பயறுக்குப் பதில் சிவப்பு ராஜ்மா பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரைவேக்காட்டு ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதித்தால்தான் அது அழியும்.

கிழங்கு வாங்குவதில் சற்றே கவனம் தேவை. மரச்சீனி பறித்த இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும். வெட்டிய பரப்பில் நீலமோ கறுப்போ ஆன கோடுகள் தென்பட்டால் அது பழைய கிழங்கு. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ சந்தையில் வாங்கும்போது, ஒரு துண்டை முறித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை. வெளித்தோலோடு அதன் அடியில் உள்ள தடித்த உள்தோலையும் உரித்து, துண்டுகளாக்கி, நடுவில் ஓடும் நரம்பை நீக்கிவிட வேண்டும். இதை மூடிய குக்கரில் வேகவைக்காமல், அகலமான பாத்திரத்தில் கிழங்கு மூழ்கும் அளவுக்கு மேல் நிறைய நீர் ஊற்றித் திறந்து வைத்தே வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது: கிழங்கில் இயற்கையாக உள்ள லினமரின் என்னும் பொருளிலிருந்து சயனைடு உண்டாகக்கூடும், அதன் பெரும்பகுதி ஆவியோடும் கொட்டும் நீரோடும் போய்விடுகிறது. வெந்த பிறகும் கசக்கும் துண்டு இருந்தால் அந்தக் கிழங்கையே தவிர்த்துவிடுவது நல்லது.

வெந்ததும் நீரை ஒட்ட வடித்து, சூடு ஆறுமுன் மசித்துவிடுங்கள். ஆறிய மரச்சீனி கட்டிப்பட்டு நறநறவென்று ஆகும். இதை மிக்சியில் போடக் கூடாது என்பதை இந்தக் குறிப்பிலேயே முதன்மையான எச்சரிக்கையாகக் கொள்ளலாம். சுழலும் கத்தியில் மாவுச்சத்து முழுவதும் வெளியேறிப் பசையாக மாறிவிடும், பின்பு எவ்வளவு மாவு சேர்த்தாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. மத்தோ கரண்டியின் அடிப்பகுதியோ போதும். அங்கங்கே சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

அடுத்தது காய்கறி. பர்கர் உடைவதற்கு முதற்காரணம் காயிலுள்ள நீர்தான். கேரட்டைத் துருவி, பீன்ஸைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய், கறிவேப்பிலையுடன் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மூடாமல் வதக்குங்கள். சட்டியிலிருந்து ஆவி எழுவது நின்று, காய் சட்டியில் ஒட்டத் தொடங்கும் வரை வதக்க வேண்டும். 200 கிராம் காய் ஏறத்தாழ 150 கிராமாகச் சுண்டும். முட்டைக்கோஸ், சுரைக்காய், தடியங்காய் (வெள்ளைப் பூசணி) போன்ற நீர்க்காய்களை இதில் சேர்க்காதிருப்பதே நலம். பீட்ரூட் சிறிது சேர்த்தால் நிறம் அழகாக வரும், சுவையில் பெரிய வேறுபாடு இல்லை.

சக்கைப் பிஞ்சு (பலாப் பிஞ்சு) கிடைக்கும் மாதங்களில் கேரட், பீன்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு இடிச்சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவினால் பால் ஒட்டாது. துண்டுகளை மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, துவரனுக்குச் செய்வதுபோல உரலில் இடித்து, நீரைப் பிழிந்துவிட்டு வதக்க வேண்டும். அந்த நாரும் பயறும் சேரும்போது கடித்து மெல்லுவதற்கு ஒரு திடம் கிடைக்கிறது. இறைச்சி பர்கர் உண்டு பழகியவர்கள் காய்கறி பர்கரில் குறையாகச் சொல்வது இந்தத் திடத்தைத்தான்.

நல்லமிளகு, பெருஞ்சீரகம், கிராம்பு மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடிக்கவும். அவலையும் லேசாக வறுத்து மிக்சியில் ரவைப் பதத்தில் பொடித்துக்கொள்ளவும். ரஸ்க் தூள் சேர்க்க நினைப்பவர்கள் அதில் பால்பொடி கலந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவலில் அந்த ஐயம் இல்லை, ஈரத்தையும் அது நன்றாக உறிஞ்சும். பயறில் மூன்றில் இரண்டு பங்கை ஒன்றிரண்டாக நசுக்கி, மீதியை முழுதாகவே விட்டு, கிழங்கு, வதக்கிய காய், மசாலாப் பொடி, மீதி உப்பு, அவல் தூள் எல்லாவற்றையும் கையால் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டி நடுவில் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் குழிய வேண்டும். வெடித்தால் ஒரு கரண்டி பயறு வேகவைத்த நீரும், கையில் ஒட்டினால் ஒரு கரண்டி அவல் தூளும் சேர்க்கலாம்.

இனிக் கலவையை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 90 முதல் 95 கிராம் வரை இருக்கும். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டுங்கள். இறைச்சி வேகும்போது சுருங்கும் என்பதால் அதைப் பன்னைவிடப் பெரிதாகத் தட்டுவார்கள். இது சுருங்காது, பன்னின் அகலமே போதுமானது. தட்டியவற்றை இலையோடு குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மீண்டும் இறுகும். கட்லெட் உடையாமல் நிற்பதற்கு அந்த இறுக்கமே காரணம் என்பதால், பசியின் அவசரத்தில் இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, இலையைக் கவிழ்த்துக் கட்லெட்டைக் கல்லில் இறக்குங்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். ஆகையால் தீயைக் கூட்டினால் கருகல் வாடைதான் மிஞ்சும். நான்கைந்து நிமிடம் தொடாமல் விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகித் தானே கல்லை விட்டு நழுவும். நழுவாத கட்லெட்டைத் தோசைத் திருப்பியால் குடைந்து எடுக்க முயன்றால் உடைவது உறுதி. மறுபக்கமும் அவ்வாறே. எண்ணெயில் முழுக்கப் பொரித்தெடுப்பவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் மைதாக் கரைசலில் தோய்த்து அவல் தூளில் புரட்ட வேண்டும். என் கருத்தில் பன்னுக்குள் வைப்பதற்கு அத்தனை எண்ணெய் தேவையில்லை.

பன்னைப் பற்றி ஒரு சொல். பேக்கரிப் பன்களில் பால்பொடி, வெண்ணெய் சேர்ப்பதும், மேற்புறப் பளபளப்புக்கு முட்டை பூசுவதும் பரவலான வழக்கம்; கேட்டு வாங்க வேண்டும். பொதியின் மேல் இருக்கும் பச்சைப் புள்ளியும் இங்கே போதாது, ஏனென்றால் அது சைவத்துக்கான குறி. பாலும் தேனும் அதற்குள் அடங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வழியாக வீகன் உணவுக்கென்று ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் தனிக் குறியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. முட்டையில்லாத மயோனைஸ் என்று விற்பனையாவதிலும் பலவற்றில் பால் திடப்பொருள் கலந்திருக்கிறது, பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்கவும்.

வீட்டிலேயே பன் செய்ய, 400 கிராம் மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, 7 கிராம் உப்பு கலந்து, 150 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலும் 100 மில்லி வெதுவெதுப்பான நீரும் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்க்க வேண்டும். நம் கடலோர வெப்பத்தில் மாவு ஒரு மணி நேரத்தில் இருமடங்காகும். சாரல் விழும் ஆனி, ஆடியில் இன்னும் சற்று நேரம் பிடிக்கலாம். எட்டு உருண்டைகளாக்கி, அரை மணி நேரம் மீண்டும் உப்பவிட்டு, மேலே தேங்காய்ப்பால் பூசி, 190 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம் சுட்டால் மிருதுவான பன் கிடைக்கும்.

மயோனைஸ் இடத்துக்கு அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) போதும். 60 கிராம் பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பூண்டு இரண்டு பல், எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு, அரைத் தேக்கரண்டி நல்லமிளகுத் தூள், நான்கு மேசைக்கரண்டி நீர் ஆகியவற்றுடன் வெண்ணெய்போல அரைத்தால் மூன்று நாள் வரை குளிர்பெட்டியில் இருக்கும். பருப்பு உடைந்ததாக இருந்தாலும் குற்றமில்லை, விலையும் குறையும். இன்னொரு பக்கத்துக்கு, அவித்த மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளும் அதே சம்மந்தியைத் தடவலாம்: சுட்ட வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், புளி, உப்பு ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துப் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தது. இனிப்பு வேண்டுவோர் மார்த்தாண்டத்துத் தேனை எடுக்காமல், சிறிது கருப்பட்டிப் பாகு சேர்க்கட்டும்.

அடுக்கும்போது பன்னின் வெட்டுப் பரப்பைக் கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள், இல்லையேல் சாறு ஊறிப் பன் கிழியும். கீழ்ப் பன்னில் அண்டிப்பருப்புக் குழைவு, அதன் மேல் மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், சூடான கட்லெட், வெள்ளரி, தக்காளி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய வெங்காயம், மேல் பன்னில் சம்மந்தி என்ற வரிசை நன்றாக அமைகிறது.

உடனே வேண்டாத கட்லெட்டுகளைச் சுடாமலேயே, இடையிடையே வாழையிலையோ பட்டர் பேப்பரோ வைத்து அடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். அவற்றை உருகவிடாமல் அப்படியே கல்லில் போட்டு, தீயைக் குறைத்து, பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் சுடுங்கள். உருகவிட்டால் நீர் கசிந்து, முன்பு பாடுபட்டு நீக்கிய ஈரம் மறுபடியும் வந்து சேரும். கலவை கொஞ்சம் மீந்தால் நெல்லிக்காய் அளவு உருட்டிக் குழிப்பணியாரச் சட்டியில் சுட்டு, அதே சம்மந்தியோடு மாலைச் சாயாவுக்குக் கொடுக்கலாம்.