மணி பிளான்ட்டுக்கு ஏசி காற்றும் டேங்க் தண்ணீரும்

மணி பிளான்ட்டுக்குச் சுகமான சூடு சுமார் 18 முதல் 30 டிகிரி வரை. கோடை தவிர மற்ற மாதங்களில் நம் வீட்டு ஹாலே அதற்குப் போதும்.

ஏசிக்கு நேர் எதிரே மட்டும் தொட்டியை வைக்காதீர்கள். அந்த வறண்ட காற்று பட்டுக்கொண்டே இருந்தால் முதலில் இலை நுனி பழுப்பாகும், அப்புறம் ஓரம் அப்பளம் போல மொறுமொறுப்பாகிவிடும். தாகம் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் அழுகிவிடும். தொட்டி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். காற்று படுகிறதா? சரி, கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பால்கனியில் ஏசியின் வெளி யூனிட் முன்னாலும் வேண்டாம். அங்கே அனல் அடிக்கும், பாவம் செடி தாங்காது.

பலரும் கவனிக்காதது தண்ணீரின் சூடு. மே மாத மதியத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையையே சுடும். அதை அப்படியே ஊற்றினால் வேருக்குக் கேடு. முந்தின இரவே ஒரு வாளியில் பிடித்து நிழலில் வைத்து, காலை வெயில் ஏறுமுன் ஊற்றுங்கள். மேல்மண் விரல் நுனி ஆழத்துக்கு ஈரமாக இருந்தால் அன்று ஊற்றவே வேண்டாம்.