லான் கேபிள் போட்டும் கேம் நடுவுல நெட் கட் ஆகுதா? எங்க கட் ஆகுதுனு முதல்ல பிடிங்க

ரேங்க்டு மேட்ச் பாதில நெட் போச்சுனா கூட ஆடுற நாலு பேரோட மேட்சும் சேர்ந்து போகுது. வாலரண்ட்னா ஏஎஃப்கே (பாதில விட்டுட்டுப் போனதுக்கான) பெனால்டி, சிஎஸ் 2-னா கூல்டவுன், அதாவது கொஞ்ச நேரம் ஆட விடாது. வைஃபைல ஆடி இப்படி ஆனா கேபிள் போடுங்கனு சொல்லிடலாம், ஆனா கேபிள் போட்டு ஆடுறவங்களுக்கே அரை மணிக்கு ஒரு தடவ பத்து செகண்ட் நெட் போய்ட்டு தானா வருதுனா எங்க போய் தேடுறதுனே தெரியாம நிறைய பேர் திண்டாடுறாங்க. யாரக் கேட்டாலும் டிஎன்எஸ் மாத்து, வின்சாக் ரீசெட் அடி, விண்டோஸ் மறுபடி போடுனு வரிசையா சொல்றாங்க, எல்லாத்தையும் ஒரே ராத்திரில பண்ணிட்டு காலைல பாத்தா பிரச்சினை அப்படியே இருக்கும், இல்லனா போயிருக்கும் ஆனா எதனால போச்சுனு தெரியாது, அடுத்த மாசம் திரும்ப வரும்.

அதனால எதையும் மாத்தாதீங்க முதல்ல. உங்க கம்ப்யூட்டர்ல இருந்து கேம் சர்வர் வரைக்கும் மூணு துண்டு இருக்கு: கம்ப்யூட்டர்ல இருந்து ரூட்டர், ரூட்டர்ல இருந்து தெருவுல இருக்குற ஃபைபர் லைன், அதுக்கு அப்புறம் வெளி உலகம். எந்த துண்டு அறுந்து போகுதுனு பாத்துட்டா வேலை பாதி முடிஞ்சது.

ஸ்டார்ட்ல சிஎம்டினு அடிச்சு கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்க. ஐபிகான்ஃபிக் அடிச்சா டீஃபால்ட் கேட்வேனு ஒரு நம்பர் வரும், அதுதான் உங்க ரூட்டர். சில வீட்ல 192.168.1.1, சில வீட்ல 192.168.0.1, சில கனெக்ஷன்ல 192.168.29.1. இப்ப ரெண்டு விண்டோ திறந்து ஒண்ணுல ரூட்டர் நம்பருக்கும் இன்னொண்ணுல வெளிய இருக்குற கூகுளோட 8.8.8.8-க்கும் பிங் (அங்க இருந்து பதில் வருதானு கேட்டுப் பாக்குற கமாண்ட்) ஓட விடுங்க, நம்பருக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டு ஹைபன் டி போட்டா நீங்க நிறுத்துற வரைக்கும் ஓடிட்டே இருக்கும். இதுல நேரம் பதிவாகாது, அதனால நிர்சாஃப்டோட பிங்இன்ஃபோவியூனு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அத போட்டுக்கிட்டா கடைசியா எத்தன மணிக்கு ஃபெயில் ஆச்சுனு அதுவே காட்டும். ஓட விட்டுட்டு வழக்கம் போல கேம் ஆடுங்க, கட் ஆனதும் ஆல்ட் டேப் அடிச்சு பாருங்க.

ரூட்டர் பிங் ஓடுது, 8.8.8.8 மட்டும் டைம்டு அவுட்னா உங்க கம்ப்யூட்டர் மேல குத்தம் இல்ல, வெளிய போற லைன்ல பிரச்சினை. ரெண்டுமே நின்னு போச்சுனா ஒண்ணு கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவுல, இல்லனா ரூட்டரே ஆஃப் ஆகி ஆன் ஆகுது. இத பிரிச்சுப் பாக்க அதே நேரத்துல வீட்ல இருக்குற ஃபோன்ல வைஃபை பேரு காணாம போகுதானு பாருங்க, போச்சுனா ரூட்டர். ரெண்டு பிங்கும் நல்லா ஓடுது ஆனா கேம் மட்டும் கட் ஆகுதுனா அது அந்த கேம் சர்வர், இல்ல அதுக்குப் போற வழி, இல்ல உங்க கம்ப்யூட்டர்ல இருக்குற ஏதோ சாஃப்ட்வேர். பிங்ல வர்ற வார்த்தையையும் கவனிங்க, டைம்டு அவுட்னா பாக்கெட் (நெட்ல போற சின்ன டேட்டா துண்டு) போச்சு பதில் வரல, ஜெனரல் ஃபெயில்யர்னு வந்தா உங்க கம்ப்யூட்டரே பாக்கெட்ட அனுப்ப முடியல, அப்ப சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவுலனு தெரிஞ்சா, கண்ட்ரோல் பேனல்ல நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் போய் ஈதர்நெட்ட டபுள் கிளிக் பண்ணுங்க. அதுல டியூரேஷன்னு ஒரு வரி இருக்கும், யாரும் அத பாக்குறதே இல்ல. காலைல ஆன் பண்ண கம்ப்யூட்டர்ல சாயங்காலம் டியூரேஷன் நாலு நிமிஷம்னு காட்டுச்சுனா, நாலு நிமிஷம் முன்னாடி லிங்க் அறுந்து திரும்ப ஒட்டிருக்குனு அர்த்தம். ஈவென்ட் வியூவர்ல விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய் அதே நேரத்த தேடுங்க. இன்டெல் லான் சிப்னா நம்பர் 27 போட்டு லிங்க் டிஸ்கனெக்டட்னும், கொஞ்ச செகண்ட் கழிச்சு 32 போட்டு லிங்க் வந்துருச்சுனும் ஜோடியா இருக்கும். என்டிஐஎஸ்னு பேரு போட்டு 10400 வந்தா லான் சிப்பே ரீசெட் ஆகுது. இந்த மாதிரி லிங்க்கே விழுற கேஸ்ல டிஎன்எஸ் மாத்துறதும் வின்சாக் ரீசெட்டும் ஒரு உபயோகமும் கிடையாது, அதெல்லாம் வேற பிரச்சினைக்கான மருந்து.

லிங்க் விழுதுனா முதல் சந்தேகம் கேபிள். அதே ஈதர்நெட் ஸ்டேட்டஸ் விண்டோல ஸ்பீட் பாருங்க. உங்க ரூட்டரும் மதர்போர்டும் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) இருந்தும் 100 எம்பிபிஎஸ்னு காட்டுச்சுனா கேபிள்லயோ கிரிம்ப்லயோ (நுனில பிளக் அழுத்தி மாட்டுன இடம்) ஏதோ ஒரு கம்பி விட்டுப் போயிருக்கு. காரணம் என்னனா, 100-க்கு நாலு ஜோடில ரெண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும், கிகாபிட்டுக்கு நீலம் பிரவுன் சேத்து நாலு ஜோடியும் வேணும். ஒரு கம்பி பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தா சில நேரம் 1 ஜிபிபிஎஸ், சில நேரம் 100-னு மாறி மாறி ஏறி இறங்கும், அந்த ஒவ்வொரு மாத்தத்துலயும் சில செகண்ட் நெட் இருக்காது. கேம்ல தெரியுறது அந்த சில செகண்ட்தான்.

நம்ம ஊர் கடைல மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்குற கேபிள்ல நிறைய சிசிஏ, அதாவது உள்ள அலுமினியம் மேல மட்டும் காப்பர் பூச்சு. கம்பி நுனிய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அதுதான். ரெண்டு மூணு தடவ வளைச்சாலே உள்ளயே முறியும், வெளிய ஒண்ணும் தெரியாது. கேட் 7, கேட் 8-னு எழுதி விக்கிற தட்டையான கேபிளுக்கு காசு குடுக்காதீங்க, கிகாபிட்டுக்கு ஒழுங்கான காப்பர் கேட் 5இ 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், கேட் 6 வாங்குனா இன்னும் நிம்மதி. சுவத்துக்குள்ள கரண்ட் வயரோட ஒரே பைப்ல ஓட்டிருந்தா அதயும் சந்தேகப்படுங்க. சோதிக்கிறதுக்கு ஒரு சின்ன ரெடிமேட் பேட்ச் கேபிள் வாங்கி, கம்ப்யூட்டர ரூட்டர் பக்கத்துல தூக்கிட்டுப் போய் நேரா சொருகி ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்க. கஷ்டமான வேலைதான், ஆனா இது குடுக்குற பதில் மாதிரி தெளிவான பதில் வேற எதுவும் குடுக்காது. அப்பவும் கட் ஆகுறது நிக்கலனா ரூட்டர்ல வேற போர்ட்ல மாத்துங்க, கூடவே ஒரு லேப்டாப்ப அந்த பழைய கேபிள்ல போட்டு அது விழுதானு பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, தயவு செஞ்சு.

கேபிள் நல்லா இருக்கு, லேப்டாப்ல விழல, கேமிங் பிசில மட்டும் விழுதுனா இப்பதான் லான் சிப் பக்கம் வரணும். கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா புது கேமிங் போர்டு வாங்குன நிறைய பேருக்கு பிரச்சினை இங்கதான். 2020-ல வந்த இன்டெல் 400 சீரிஸ் போர்டுகள்ல இருந்து ஐ225-வினு ஒரு 2.5 ஜிபிபிஎஸ் சிப் நிறைய வந்துச்சு. அதோட முதல் ரிவிஷன்ல பாக்கெட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவுல விட வேண்டிய இடைவெளி சரியா இல்லாததால சில ரூட்டர், ஸ்விட்சோட 2.5-ல பேசும்போது பாக்கெட் தொலையும், இன்டெலே இத ஒத்துக்கிட்டு அப்போதைக்கு 1 ஜிபிபிஎஸ்ல வைங்கனு சொல்லுச்சு, அப்புறம் சிப்பயே மாத்தி புது ரிவிஷன் விட்டுச்சு. அடுத்து வந்த ஐ226-விலயும் நெட் விழுதுனு புகார் குவிஞ்சு, 2023 ஆரம்பத்துல, வேகம் 100-க்கு மேல இருக்கும்போது எனர்ஜி எஃபிஷியண்ட் ஈதர்நெட்ட ஆஃப் பண்ற மாதிரி டிரைவர் விட்டாங்க. உங்களுது எதுனு டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழ பேரே இருக்கும். ஐ225-னா ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் போய் ரெவ்னு முடியுற நம்பர் பாருங்க, 01 இல்ல 02-னா பழைய ரிவிஷன், 03-னா கடைசியா வந்தது.

இந்த எனர்ஜி எஃபிஷியண்ட் ஈதர்நெட் 2010-ல வந்த ஒரு ஸ்டாண்டர்ட், கேபிள்ல டேட்டா போகாத நேரத்துல சிப் தூங்கிட்டு, டேட்டா வந்ததும் முழிச்சுக்கிட்டு கரண்ட் மிச்சம் பண்ணும். ரெண்டு பக்கமும் ஒத்துப் போனா பிரச்சினை இல்ல, ஒத்துப் போகலனா முழிக்கிற நேரத்துல லிங்க்கே விழும். கேம் இழுக்குற டேட்டா ரொம்ப கம்மி, அதனால பெரிய டவுன்லோட் ஓடும்போது நல்லா இருந்துட்டு கேம்லயும் டிஸ்கார்ட்லயும் மட்டும் கட் ஆகுதுனா இதத்தான் முதல்ல ஆஃப் பண்ணுவேன். டிவைஸ் மேனேஜர்ல அடாப்டரோட அட்வான்ஸ்டு டேப்ல இருக்கும். ரியல்டெக் சிப்னா கூடவே கிரீன் ஈதர்நெட், அட்வான்ஸ்டு ஈஈஈ, பவர் சேவிங் மோட், கிகாபிட் லைட், இதெல்லாம் டிசேபிள். பவர் மேனேஜ்மென்ட் டேப்ல கம்ப்யூட்டர் இத ஆஃப் பண்ணலாம்ங்குற டிக்க எடுத்துருங்க. பவர் பிளான்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டயும் ஆஃப். இதுல போகலனா அடுத்து ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்ல 1.0 ஜிபிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் வைங்க, உங்க பிளான் 300 எம்பிபிஎஸ்னா 2.5-ல ஒரு லாபமும் இல்ல. ஆனா 100 ஃபுல்னு மட்டும் கையால வைக்காதீங்க, ரூட்டர் ஆட்டோல இருந்தா அது ஹாஃப் டூப்ளெக்ஸ்னு (ஒரு நேரத்துல அனுப்புறது இல்ல வாங்குறது மட்டும்) எடுத்துக்கும், புது பிரச்சினை ஆரம்பிக்கும்.

டிரைவர் விண்டோஸ் அப்டேட்ல வர்றத நம்பாம போர்டு கம்பெனி சைட்லயோ இன்டெல், ரியல்டெக் சைட்லயோ எடுங்க, பயாஸும் அப்டேட் பாருங்க. நெட் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணாலும் வரல, பவர் கார்ட பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டு போட்டாதான் வருதுனா சிப்பே மாட்டிக்கிட்டு நிக்குது, சாஃப்ட்வேர்ல ரொம்ப நேரம் செலவழிக்காம ஆயிரம் ரூபா பக்கத்துல கிடைக்கிற ஒரு யுஎஸ்பி 3.0 லான் அடாப்டர் போட்டு ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடுச்சுனா போர்டு வாரண்டில இருக்கானு பாத்து கேளுங்க, இல்லனா உள்ள ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லான் கார்டு போட்டு ஆன்போர்டு லான பயாஸ்ல ஆஃப் பண்ணிருங்க. இடி மின்னலுக்கு அப்புறம் ஆரம்பிச்ச பிரச்சினைனா, அதுவும் கேபிள் மொட்டை மாடி வழியா வந்திருந்தா, போர்ட் அடி வாங்கிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

சாஃப்ட்வேர் பக்கம் சுருக்கமா: போர்டோட வர்ற கேம் நெட்வொர்க் பூஸ்டர், பழைய விபிஎன், காசு குடுத்து வாங்குன ஆன்டிவைரஸ், இதெல்லாம் நெட்வொர்க்ல நடுவுல உக்காந்து பாக்கெட்ட வடிகட்டுற சாமான். ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க, டிசேபிள் பண்ணா பத்தாது.

ரூட்டரே ரீஸ்டார்ட் ஆகுதுனு சந்தேகம்னா ரூட்டர் பேஜ்ல அப்டைம் பாருங்க. பிங் விழுந்த நேரத்துல அதுவும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருந்தா காரணம் பெரும்பாலும் கரண்ட்டும் சூடும்தான். தண்ணி மோட்டார் போடும்போது கட் ஆகுதா, ஃபிரிட்ஜ் ஓடும்போது ஆகுதா, கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது ஆகுதானு வீட்ல இருக்குறவங்கள்ட்ட கேட்டு நேரத்த ஒத்துப் பாருங்க. மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், நல்ல அடாப்டர் தாங்கிக்கும், வருஷக்கணக்கா ஓடி கெப்பாசிட்டர் போன அடாப்டர் தாங்காது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு ரூட்டருக்குப் போட்டா இந்த வகை மொத்தமா போயிரும். அடாப்டர் மாத்துறதா இருந்தா வோல்ட் அதே இருக்கணும், ஆம்பியர் அதே இல்ல கூட இருக்கலாம், பின்னோட உள்ள வெளி ப்ளஸ் மைனஸும் ஒத்துப் போகணும். டிவி பொட்டிக்கு மேல, செட்டாப் பாக்ஸ் மேல அடுக்கி வச்ச ரூட்டர கொஞ்சம் காத்தாட வைங்க, மே மாசத்துல இதுவே பல பேருக்கு போதும்.

ஒண்ணு பிரிச்சுப் பாக்கணும். பிங் நிக்கல, ஆனா 20-ல இருந்து 400-க்கு ஏறுதுனா அது கட் இல்ல, வீட்ல யாரோ வீடியோ அப்லோட் பண்றாங்க, இல்ல ஃபோன் பேக்கப் ஓடுது, லைன் நிரம்பிருச்சு. ரூட்டர்ல கியூஓஎஸ் (எதுக்கு எவ்வளவு வேகம்னு பிரிச்சுக் குடுக்குற செட்டிங்) இருந்தா மொத்த வேகத்த பிளான்ல 85, 90 சதவீதத்துக்கு கட்டிப் போடுங்க, இறங்கும்.

கடைசியா லைன். ரூட்டர் பிங் ஓடி வெளி பிங் மட்டும் விழுதுனா ஓஎன்டி பொட்டில (ஃபைபர் வயர் வந்து சேர்ற பொட்டி) எல்ஓஎஸ்னு எழுதுன லைட் சிவப்புல மின்னுதானு பாருங்க, மின்னுனா ஒளியே வரல. மின்னாமயும் பிரச்சினை இருக்கலாம், அதனால ஓஎன்டி பேஜ்ல ஆர்எக்ஸ் பவர்னு இருக்குறத, அதாவது பொட்டிக்கு வந்து சேர்ற ஒளியோட அளவ டிபிஎம் கணக்குல, எழுதி வைங்க. மைனஸ் 15-ல இருந்து 24 வரைக்கும் இருந்தா நல்லது, மைனஸ் 27 கிட்ட போனா பொட்டி படிக்கிறதுக்கே திணறும், காத்தடிச்சாலோ மழை பெஞ்சாலோ விழும். மஞ்சள் ஃபைபர் வயர் கதவிடுக்குல நசுங்கிருக்கா, சின்ன வளையமா மடங்கிருக்கானு பாருங்க, ஆனா கழட்டி நுனிய கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க, அதுல வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கம்ப்ளைன்ட் பண்ணும்போது நெட் ஸ்லோனு சொல்லாதீங்க, ரூட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்கனு சொல்லி டிக்கெட்ட மூடிருவாங்க. ரூட்டர் பிங் விழல, வெளி பிங் இத்தன மணிக்கு விழுந்துச்சு, ஆர்எக்ஸ் பவர் இவ்வளவுனு ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்புங்க. ட்ரேஸ்ரூட் (சர்வர் வரைக்கும் போற வழில இருக்குற ஸ்டாப்கள காட்டுற கமாண்ட்) எடுத்து நடுவுல இருக்குற ஒரு ஸ்டாப்ல ஸ்டார் வந்துருச்சுனு அத பிடிச்சுக்காதீங்க, பல ரூட்டர்கள் பிங்குக்கு பதில் சொல்றத வேணும்னே கம்மி பண்ணி வச்சிருப்பாங்க, அந்த லாஸ் கடைசி ஸ்டாப் வரைக்கும் தொடர்ந்தாதான் கணக்கு. டெக்னீஷியன் வீட்டுக்கு வந்தா பவர் மீட்டர வீட்டுக்குள்ள ஓஎன்டிகிட்டயும், வெளிய கம்பத்துல இருக்குற பாக்ஸ்லயும் ரெண்டு இடத்துலயும் வச்சு அளக்கச் சொல்லுங்க. வெளிய மைனஸ் 20 காட்டி உள்ள 27 காட்டுச்சுனா உங்க வீட்டுக்கு வர்ற வயரையும் கனெக்டரையும் மாத்திக் கேளுங்க, வெளியவே 26 காட்டுச்சுனா ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சு விடுற இடம்) பக்கம் போய் பாக்கச் சொல்லுங்க.