மகள் போகிற அமெரிக்கச் சின்ன ஊர் எப்படிப்பட்டது? மதுரையில் உட்கார்ந்தே பார்க்கும் வழி

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டிக்கொண்டே வந்தார். மகளுக்கு அயோவா மாநிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஊரில் மொத்தமே ஆறாயிரம் பேர். "தம்பி, இந்த ஊருல கொலை ரேட்டு அமெரிக்கா சராசரியை விட மூணு மடங்காம்ல, பிள்ளையை அனுப்பவா வேணாமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு தளம் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. எந்த வருடம், மொத்தம் எத்தனை கொலை என்று தோண்டிப் பார்த்தால், ஒன்று. ஒரே ஒன்று.

இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அமெரிக்காவில் குற்ற விகிதத்தை லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வார்கள், நம்ம ஊர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) கணக்கும் அப்படித்தான். 2023-ல் அங்கே நாடு முழுவதற்குமான கொலை விகிதம் லட்சத்துக்கு 5.7. ஆறாயிரம் பேர் ஊரில் ஒரு கொலை நடந்தால் அது லட்சத்துக்குப் பதினாறு, பதினேழு என்று வந்துவிடும், அதுதான் அந்த மூன்று மடங்கு. அடுத்த வருடம் ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம், அதே தளம் பச்சை எழுத்தில் "மிகப் பாதுகாப்பான ஊர்" என்று போடும். ஊர் மாறவே இல்லை, வகுத்த எண்தான் சின்னது. அதனால் சின்ன ஊர் என்றால் விகிதத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். அதையும் ஒரு வருடத்துக்குப் பார்க்காமல் ஐந்து வருடத்தைக் கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1930-லிருந்தே போலீஸ் நிலையங்களிடம் கணக்கு வாங்கி வருகிறது, இப்போது அது "க்ரைம் டேட்டா எக்ஸ்ப்ளோரர்" என்ற இலவசத் தளத்தில் இருக்கிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் அந்த ஊர் போலீசின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வருடவாரியாக வரும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2021-ல் பழைய முறையை நிறுத்திவிட்டுப் புது முறைக்கு மாறினார்கள், அந்த வருடம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீசே கணக்குக் கொடுக்கவில்லை, சின்ன ஊர்கள் பலதும் கொடுக்கவில்லை. கணக்கு வராததால் வந்த பூஜ்யத்தைப் பார்த்துக் குற்றமே நடக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இன்னொன்று, புது முறையில் ஒரு சம்பவத்தில் நடந்த குற்றங்களைத் தனித்தனியாக எண்ணுவார்கள், பழைய முறையில் இருந்ததிலேயே பெரியதை மட்டும்தான் எண்ணினார்கள். ஆகவே திடீரென்று எண்ணிக்கை ஏறியிருந்தால் அந்த ஊர் எப்போது முறை மாறியது என்று பாருங்கள்.

அந்த ஊர் போலீசின் பெயரே பட்டியலில் இல்லையா? பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் போலீஸ் அமைப்பு என்பது நம்மைப் போல டி.ஜி.பி.க்குக் கீழே ஒரே படை இல்லை. பதினெட்டாயிரத்துக்கு மேல் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஊருக்கென்று போலீஸ் இல்லாத சின்ன ஊரைக் கவுண்டியின் ஷெரீஃப்தான் பார்த்துக்கொள்வார். கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி, ஷெரீஃப் பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அப்போது கவுண்டியின் கணக்கில் தேடுங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாவற்றையும் விட முக்கியம் என்பேன்: ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார்கள், எங்கிருந்து வருவார்கள்? முப்பது மைல் தள்ளி இருக்கிற ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒரு கார் வரவேண்டும் என்றால் அது வேறு கதை.

அடுத்து, என்ன வகைக் குற்றம் என்று பிரித்துப் பாருங்கள். வன்முறை என்பதில் நான்கு: கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி, கொடுந்தாக்குதல். சொத்துக் குற்றத்தில் வீடு புகுந்து திருடுவது, சாதாரணத் திருட்டு, வண்டித் திருட்டு. நாட்டுக் கணக்கிலேயே சொத்துக் குற்றம்தான் வன்முறையைப் போல ஐந்து மடங்கு. ஹைவேயில் ஒரு பெரிய கடை இருந்தால் போதும், அதில் நடக்கிற சில்லறைத் திருட்டு முழுவதும் அந்தச் சின்ன ஊர்க் கணக்கில் விழுந்துவிடும். திருடுபவனும் வாங்குபவனும் பத்து ஊரிலிருந்து வருவார்கள், வகுப்பது மட்டும் ஆறாயிரத்தால். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு நடக்கிற பிக்பாக்கெட்டையெல்லாம் ஆழ்வார்புரத்தில் குடியிருப்பவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன வரும்? அதேதான்.

எண்ணில் ஏறாததும் நிறைய உண்டு. போன் திருடு போனால் எஃப்.ஐ.ஆர். வரை போகாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு நாம் திரும்பி வருவதில்லையா, அங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். 1973 முதல் மக்களிடமே நேரில் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், சமீப வருடங்களில் அதில் வன்முறைச் சம்பவங்களில் பாதிகூடப் போலீசுக்குப் போகவில்லை என்றுதான் வருகிறது. அதனால் எண்களை ஒரு அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். "ஏ பிளஸ்", "டி மைனஸ்" என்று தெருவுக்கு மார்க் போடுகிற தளங்களைச் சுத்தமாக விட்டுவிடுங்கள், அவற்றில் பல எண்ணியவை இல்லை, ஏதோ சூத்திரம் வைத்து ஊகித்தவை. ஊர்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள் என்று எஃப்.பி.ஐ.யே எச்சரிக்கிறது.

பிள்ளை வேலைக்குப் போகாமல் படிக்கப் போகிறதென்றால் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கிளெரி சட்டம் என்று 1990-ல் வந்தது. அதன்படி அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் இருக்கிற கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும், மூன்று வருடக் கணக்கு அதில் இருக்கும். ஆனால் அது வளாகத்துக்குள்ளும், கல்லூரியின் மற்ற கட்டிடங்களிலும், வளாகத்தை ஒட்டிய ரோட்டிலும் நடப்பதுதான். நான்கு தெரு தள்ளி வாடகைக்கு எடுக்கப் போகிற வீடு அதில் வராது.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. பல சின்ன ஊர்களில் போலீஸ் தினசரி எதற்கெல்லாம் போனார்கள் என்று ஒரு பதிவு போடுவார்கள், ஊர்ப் பத்திரிகையிலோ போலீசின் பக்கத்திலோ வரும். அதை ஒரு மாதத்துக்கு மொத்தமாகப் படியுங்கள். அக்காவும் நானும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பதிவைப் படித்தோம். காரில் மான் மோதியது. பூட்டாத காரிலிருந்து பை போனது. பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம். குடித்துவிட்டு ஓட்டியவர் கைது. ஒரே வீட்டுக்கு மூன்று முறை கணவன் மனைவி சண்டைக்காகப் போயிருந்தார்கள். அக்கா முகம் தெளிந்தது அப்போதுதான், அதுவரை நான் போட்ட கணக்கெல்லாம் அவருக்கு ஏறவே இல்லை.

கூகுள் மேப்பில் தெருவைப் பார்க்கும்போது ஒரு தப்பு செய்வோம். தூங்கா நகரத்தில் பிறந்த நமக்கு ராத்திரி ஒரு மணிக்கு இட்லிக் கடையில் விளக்கு எரிந்தால்தான் தெம்பு, ஆள் இல்லாத தெரு என்றால் வயிறு கலங்கும். அங்கே எட்டு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடும், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. சென்னைக்காரர்கள் சினிமா பார்த்துவிட்டு மதுரை என்றாலே அரிவாள் என்று நினைப்பார்களே, டி.வி. செய்தி பார்த்துவிட்டு அமெரிக்கா என்றாலே துப்பாக்கி என்று நாம் நினைப்பதும் கொஞ்சம் அந்த ரகம்தான். துப்பாக்கி இல்லை என்று சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் 2023-ல் அங்கே சாலை விபத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 41,000 பேர், கொலையானவர்கள் அதில் சுமார் பாதி. பஸ் இல்லாத ஊரில் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

கார் என்றதும் ஒன்று, இதைப் பிள்ளையிடம் இரண்டு முறை சொல்லுங்கள். கோரிப்பாளையத்தில் ஹெல்மெட் செக்கிங்கில் நிறுத்தினால் நாம் என்ன செய்வோம்? வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ.யிடம் நடந்து போவோம். அங்கே அப்படிச் செய்யவே கூடாது. பின்னால் போலீஸ் காரின் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, காருக்குள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பேப்பர் கேட்டால், "அது இந்தப் பெட்டியில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும்.

பூட்டுகிற விஷயமெல்லாம் சுருக்கமாக: காரில் பை தெரிகிற மாதிரி வைக்கக் கூடாது, பார்சலை வாசலில் கிடக்க விடக் கூடாது, வாடகைக்கு வீடு பார்க்கும்போது பழைய ஆள் போன பிறகு பூட்டு மாற்றினீர்களா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக உங்கள் வேலை. 911 என்ற அவசர உதவி எண் அங்கிருப்பவர்களுக்கு, மதுரையிலிருந்து அடித்தால் போகாது. ஆனால் ஒவ்வொரு போலீஸுக்கும் ஷெரீஃப் ஆபீஸுக்கும் அவசரமில்லாத அழைப்புக்கென்று தனி நம்பர் உண்டு. அதை முன்னால் +1 சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளையின் முழு விலாசத்தோடு. பிள்ளை போன் எடுக்கவில்லை, கூட வேலை செய்பவர்களுக்கும் தெரியவில்லை என்றால் அந்த நம்பரில் கூப்பிட்டு "வெல்ஃபேர் செக்" என்று கேட்டால், ஒரு போலீஸ்காரர் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் மணியைப் பாருங்கள். அயோவாவில் குளிர்காலத்தில் நம்மை விடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால், இங்கே மத்தியானம் இரண்டு மணி என்றால் அங்கே விடிகாலை இரண்டரை, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.