வெந்தயத் தண்ணீரும் தைராய்டு மாத்திரையும்: சர்க்கரை, தைராய்டு இரண்டும் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்களிடம் இரண்டு உணவுப் பட்டியல் இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஒரே வயிற்றுக்குள் போகும்போதுதான் சிக்கல் வருகிறது, அதிலும் காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில். இங்கே தைராய்டு என்று சொல்வது சுரப்பு குறைவாக உள்ளவர்களை மட்டும்தான். அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

வெறும் வயிற்றில் என்னென்ன போகிறது?

எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்ற பெயர்களில் கிடைக்கும் லெவோதைராக்சினை வெறும் தண்ணீரில் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். உடனே காபி குடித்தால் மருந்து உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். இது பலருக்குத் தெரியும், காபியைத் தள்ளியும் வைக்கிறார்கள். வெந்தயத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரவு ஊறவைத்த ஒரு ஸ்பூன் வெந்தயத்தை மென்று, அந்தத் தண்ணீரிலேயே தைராய்டு மாத்திரையையும் விழுங்குகிறார்கள். வெந்தயத்தின் வழவழப்பு முழுக்கக் கரையும் நார்ச்சத்து. சாப்பாட்டுச் சர்க்கரையை மெதுவாக உள்ளே விடுவது போலவே அது மாத்திரையையும் பிடித்து வைக்கலாம். பிறகு டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) குறையவில்லை என்று டோஸ் ஏறிக்கொண்டே போகும். வெந்தயத்தை விட வேண்டியதில்லை, காலை டிபனோடோ மதியச் சாப்பாட்டுக்கு முன்போ எடுத்துக்கொண்டால் போதும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு ஒரு மணி நேர இடைவெளி போதாது. அவற்றுக்கு 4 மணி நேரம் தேவை.

இதைவிட ஆபத்தானது, மறந்துவிடுவோமே என்று எல்லா மாத்திரையையும் ஆறு மணிக்கே சேர்த்துப் போட்டுவிடுவது. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. அவற்றைப் போட்டுவிட்டுத் தைராய்டு மாத்திரைக்காக ஒரு மணி நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். மெட்ஃபார்மின் தனியாக இந்த அளவுக்குத் தாழ்த்தாது, ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகும். பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும் வரிசை இது: 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 7 மணிக்குக் காபி, 7.30க்குச் சர்க்கரை மாத்திரை, அதோடு தட்டில் டிபன். கால்சியம் மதியம் சாப்பிட்ட பிறகு. காலை ஷிஃப்டுக்கு ஓடுபவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டால் பிஸ்கட், சாக்லேட் என்று தேட வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாகவே இருந்தால் மீண்டும் ஒரு முறை. கூடவே வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அதைக் குடலில் உடைப்பதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருந்தே ஆக வேண்டும்.

சோற்றை விட்டுவிட்டு

“ராத்திரி வெறும் சப்பாத்திதான், ஆனாலும் சர்க்கரை குறையவில்லை” என்பது எல்லா ஊரிலும் கேட்கிற புலம்பல். 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப், அதாவது 150 கிராம் சோற்றில் 40 கிராம் போல. நான்கு சப்பாத்தி என்றால் இரண்டு கப் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வேறு.

சிறுதானியக் கதையும் இப்படித்தான். அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகு, தினை, சாமையில் 60 முதல் 70 வரை. நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான். அதையும் நைசாக அரைத்துக் கஞ்சியாக ஆற்றிக் குடித்தால் மளமளவென்று சர்க்கரை ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சுட்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ சாப்பிட்டால் ஏற்றம் குறையும். முதலில் காய், அடுத்து பருப்பு அல்லது முட்டை, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவில் வித்தியாசம் தெரியும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான், அதைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை.

முட்டைக்கோஸ் மேல் பழி

தைராய்டு என்றதும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி மூன்றையும் வீட்டிலிருந்தே துரத்திவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஏற்ற, மாவுச்சத்து குறைவான காய்கள் இவை. இவற்றை விட்டால் அந்த இடத்துக்கு உருளையும் சேப்பங்கிழங்கும் வந்துவிடும். வேகவைத்தால் தைராய்டைத் தடுக்கும் பொருள் பெருமளவு குறைந்துவிடும். வாரம் இரண்டு மூன்று முறை பொரியல் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. நிறுத்த வேண்டியது தினமும் குடிக்கிற பச்சை முட்டைக்கோஸ் ஜூஸைத்தான். கம்பிலும் இந்தக் குணம் உண்டு. ஆனால் சூடானின் டார்ஃபூர் பகுதியைப் போல, கம்பையே முக்கிய உணவாக உண்டு அயோடினும் போதாமல் இருந்தவர்களிடம்தான் அது கழுத்துக் கழலையோடு தொடர்புபடுத்தப்பட்டது. எப்போதாவது குடிக்கிற கம்பங்கூழுக்குப் பயப்பட வேண்டாம்.

உப்பில்தான் கவனம் வேண்டும். இந்துப்பிலும் அயோடின் சேர்க்காத கல் உப்பிலும் தேவையான அயோடின் கிடைக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள், ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். அயோடின் உப்பை மூடிய டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கடல்பாசி மாத்திரை வாங்கிப் போடுவது இதற்கு நேர் எதிரான தவறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கித் தைராய்டு பழுதானவர்களுக்கு அதிகப்படி அயோடின் நிலைமையை மோசமாக்கலாம். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் சோடியம் குறைத்த உப்பு வேண்டாம். அதில் சேர்ப்பது பொட்டாசியம்.

ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாறுவது

சாப்பிட்ட பிறகான சோதனைக்கு இரண்டு மணி நேரம் என்பதை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. தைராய்டு குறைவோ இரும்புச்சத்துக் குறைவோ சரிசெய்யப்படாமல் இருந்தால் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதை மட்டும் வைத்துச் சோற்றைப் பாதியாக்காமல், வீட்டு மீட்டரில் வரும் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தைராய்டு டோஸ் மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும்.

டி.எஸ்.எச். சரியாகவே இருந்தும் அசதி போகவில்லை, பாதம் மரத்துப்போகிறது என்றால் தைராய்டு டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். பல வருடம் மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது சகஜம், சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதித் தரச் சொல்லுங்கள்.